வீவக வீடு: பட்டா யார் பேரில் இருக்கிறது? ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

என் மாமா தஞ்சாவூர்ப் பக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தவர், பத்தாவது மாடிச் சன்னலில் நின்று கீழே பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பட்டா யார் பேர்ல இருக்கு?" அதற்குப் பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், நிரந்தரவாசம் கிடைத்த நண்பர்கள், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் என்று ஆளாளுக்குக் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். விதிகள் அடிக்கடி மாறும். கீழே இருப்பது 2025 இறுதி நிலவரம்.

வீவக என்றால் என்ன? எல்லோருமே அரசாங்க வீட்டிலா இருக்கிறார்கள்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். பேச்சில் 'எச்டிபி', தமிழ்ச் செய்தியில் 'வீவக'. இங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். மொத்தம் 10 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். ஊரில் 'ஹவுசிங் போர்டு' என்றதும் மனத்தில் வரும் படத்தை அழித்துவிடுங்கள். மருத்துவரும் வாடகைக் கார் ஓட்டுநரும் ஒரே மின்தூக்கியில் போவது இங்கே சாதாரணம்.

சரி, அது சொந்த வீடா, இல்லையா?

இதுதான் மாமாவின் கேள்வி. விற்கலாம், உயில் எழுதலாம். அந்த வகையில் சொந்த வீடுதான். ஆனால் வாங்குவது 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அரசுடையது. நம்மூரில் வீடு என்றால் முதலில் மனை, அதன் மேல்தான் கட்டடம். கட்டடம் இடிந்தாலும் மனை நிற்கும், அதன் விலையும் ஏறும். இங்கே அந்த மனை என்ற சங்கதியே நம் கைக்கு வருவதில்லை. ஆகவே பட்டா யார் பேரிலும் இல்லை மாமா.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்த ஊரின் வீட்டுக் கொள்கையில் வரும் சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிளம்புகிறது. வீடு எல்லோருக்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்றும் அரசாங்கம் சொல்கிறது, உங்கள் வீட்டின் மதிப்பைக் காப்போம் என்றும் சொல்கிறது. ஏற்கெனவே வாங்கியவருக்கு விலை ஏறினால் சந்தோஷம், இனிமேல் வாங்கப்போகும் அவருடைய பிள்ளைக்கு அதே ஏற்றம் தலைவலி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது?

ஆங்கிலேயர் காலத்தில், 1927-இல், சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை என்று ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுக்கும் மேலாக அது கட்டிய வீடுகள் 23,000 அளவுதான். மக்கள் ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசைகளிலும் சைனாடவுன் கடைவீடுகளின் தடுப்பறைகளிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று வீவக தொடங்கியது. தலைவர் லிம் கிம் சான்.

அடுத்த ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பெருந்தீ. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழும்பின. தொடங்கிய மூன்று ஆண்டுக்குள் 21,000 வீடுகள், 1965-க்குள் 54,000 வீடுகள். ஆரம்பத்தில் எல்லாம் வாடகைக்குத்தான். 1964-இல் சொந்தமாக விற்கும் திட்டம் வந்தது. முன்பணம் கட்ட ஆட்களிடம் காசில்லை, அதனால் பெரிதாக எடுபடவில்லை. 1968-இல், ஊரில் பிஎஃப் மாதிரியான மத்திய சேம நிதியை, அதாவது மசேநியை, எடுத்து வீட்டுக்குக் கட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வரிசை நீண்டது.

நிலம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. பொதுத் தேவை என்று அரசாங்கம் அறிவித்தால் நிலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பல ஆண்டுகள் இழப்பீடு சந்தை விலைக்கு வெகு கீழேதான் இருந்தது. சந்தை விலைப்படி கொடுப்பது என்று சட்டம் மாறியது 2007-இல். மலிவான வீடுகளுக்குப் பின்னால் நிலத்தை இழந்த குடும்பங்களும் இருக்கின்றன என்பது பல இடங்களில் விட்டுப்போகும் செய்தி.

சம்பளக்காரர்கள் இவ்வளவு விலையை எப்படிக் கட்டுகிறார்கள்?

மசேநிதான் சூத்திரம். 55 வயது வரை உங்கள் சம்பளத்தில் 20 விழுக்காடு, முதலாளி மேலே போடுவது 17 விழுக்காடு. 35 வயதுக்கு உட்பட்டவருக்குச் சம்பளத்தில் 23 விழுக்காட்டுக்கு ஈடான தொகை சாதாரணக் கணக்கில் விழும். மாதத் தவணை அதிலிருந்து போகும். வருமானத்துக்கு ஏற்ற வீடாக இருந்தால் பல குடும்பங்கள் கையிலிருந்து ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போடாமலே தவணையை ஓட்டிவிடுகின்றன.

வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. சாதாரணக் கணக்கு வட்டியான 2.5-க்கு மேல் 0.1 சேர்த்தது, பல ஆண்டுகளாக இதே அளவு. வங்கிக் கடன் சில காலம் இதைவிட மலிவாக இருக்கும், சில காலம் தூக்கிவிடும். எந்தக் கடனாக இருந்தாலும் வீட்டுத் தவணை மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2024 ஆகஸ்ட் முதல் வீவக கடனும் வீட்டு மதிப்பில் 75 விழுக்காடு வரைதான். ஒரு காலத்தில் 90 கொடுத்தார்கள்.

விற்றபோது கையில் நினைத்த காசு வரவில்லை என்கிறார்களே, ஏன்?

மசேநியிலிருந்து எடுத்த பணத்தைத் திருப்பிப் போட வேண்டும், வட்டியோடு. நீங்கள் உங்களிடமே பட்ட கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் வெள்ளி எடுத்து 20 ஆண்டு கழித்து விற்றால், ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கூட்டு வட்டியில் ஏறத்தாழ 164,000 வெள்ளி உங்கள் மசேநிக்கே திரும்பிப் போகும். பணம் எங்கும் தொலையவில்லை. அடுத்த வீட்டுக்குப் பயன்படும், ஓய்வுக் காலத்துக்கு இருக்கும். ஆனால் ரொக்கமாகக் கையில் நிற்பது குறைவு. 'வீட்டை விற்றுத் தங்கை கல்யாணத்தை முடித்துவிடலாம்' என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். சந்தை விலைக்கு விற்றும் அவ்வளவு தேறவில்லையென்றால் மீதியைக் கையிலிருந்து போடச் சொல்லமாட்டார்கள்.

பிடிஓ என்கிறார்களே, அது என்ன?

'பில்ட் டு ஆர்டர்' என்பதன் சுருக்கம். முதலில் விண்ணப்பம், போதிய ஆள் சேர்ந்தால் கட்டுமானம். 2001-இல் வந்த முறை. அதற்கு முன்பு பேரைப் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருப்பார்கள். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் அந்த வரிசை திடீரென்று கலைந்தது. கட்டி முடித்த 17,500 வீடுகள் வாங்க ஆளின்றி நின்றன, அவற்றைத் தள்ளிவிடவே ஐந்து ஆண்டுக்கு மேல் பிடித்தது. சூடு கண்ட பூனையாகி, இனி ஆள் வந்த பிறகே கட்டுவோம் என்று மாறினார்கள்.

இதன் மறுபக்கம், தேவை திடீரென்று கூடினால் உடனே கொடுக்க வீடு இருக்காது. கொவிட் காலத்தில் கட்டுமானம் நின்றபோது அதுதான் நடந்தது.

முதலில் தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். குடும்ப மாத வருமானம் 14,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். பிறகு குலுக்கல். எண் நன்றாக விழுந்தால் வீட்டைத் தேர்வு செய்து, மூன்று நான்கு ஆண்டு காத்திருந்து சாவி வாங்கலாம். இதனால்தான் இங்கே பையன்கள் பெண்ணிடம் காதலைச் சொல்வதற்குப் பதில் "பிடிஓ போடலாமா?" என்று கேட்பதாகக் கேலி உண்டு. முழுக்கக் கேலி இல்லை. சாவி வருவதற்குள் கல்யாணமே நின்றுபோன கதைகளும் உண்டு.

மாத வருமானம் 9,000 வெள்ளிக்குள் இருந்து முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து 120,000 வெள்ளி வரை மானியம். பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் இன்னும் 20,000, அவர்களோடு சேர்ந்தே இருந்தால் 30,000. மாமியார் அருகில் இருப்பதற்கு அரசாங்கமே காசு கொடுக்கிறது என்று ஒரு தோழி சொல்வாள். எதற்கு ஈடாக என்று நான் கேட்கவில்லை.

நாலறை வீடு என்றால் நான்கு படுக்கையறையா?

இல்லை. கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறை.

பிளஸ், பிரைம் என்று புதிதாக ஏதோ சொல்கிறார்களே?

நகர நடுவில், ரயில் நிலையத்தை ஒட்டிப் புது வீடு கிடைப்பது லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஐந்து ஆண்டு குடியிருந்துவிட்டு விற்றால் பெரும் லாபம். அதைக் கட்டுப்படுத்த முதலில் 2021-இல் ரோச்சோரில் ஒரு மாதிரியைத் தொடங்கினார்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாப் புது வீடுகளும் மூன்று வகை: ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம். பின்னிரண்டில் சலுகை அதிகம், கட்டுப்பாடும் அதிகம். 10 ஆண்டு குடியிருந்தால்தான் விற்கலாம். விற்கும்போது கூடுதல் சலுகையில் ஒரு பகுதியை வீவக திரும்ப எடுத்துக்கொள்ளும். முழு வீட்டை எப்போதுமே வாடகைக்கு விட முடியாது. உங்களிடம் வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு.

இது நல்ல மாற்றம் என்பது என் எண்ணம், கொஞ்சம் தாமதமாக வந்தது என்பதும். வீட்டை வீடாகப் பார்க்கிறவருக்கு இந்த விதிகள் உறைக்காது.

மறுவிற்பனை வீட்டு விலை ஏன் இப்படி ஏறியது?

2013-இல் உச்சம் தொட்ட விலை அதன்பின் ஆறு ஆண்டுகள் மெல்ல இறங்கியது. 'வீவக வீட்டில் முதலீடா?' என்று அப்போது சிரித்தார்கள். பிறகு கொவிட். 2020-இல் 5 விழுக்காடு ஏற்றம், 2021-இல் 12.7, 2022-இல் 10.4, 2023-இல் 4.9, 2024-இல் 9.7. 2025-இல்தான் 3 விழுக்காட்டை ஒட்டி அடங்கியது.

புது வீடு தாமதமானதால் காத்திருக்க முடியாதவர்கள் மறுவிற்பனைப் பக்கம் வந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஓர் அறை கூடத் தேவைப்பட்டது. வட்டியும் அப்போது மிகக் குறைவு. தனியார் வீட்டை நல்ல விலைக்கு விற்றவர்கள் கைநிறையக் காசோடு பெரிய வீவக வீடு தேடி வந்தார்கள். இவர்களைத் தடுக்கத்தான் 2022 செப்டம்பரில், தனியார் வீட்டை விற்றால் மறுவிற்பனை வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நாலறை அல்லது சிறிய வீட்டுக்கு மாறினால் விலக்கு.

பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்து ஆண்டு முடிந்து சந்தைக்கு வரத் தகுதி பெறும் வீடுகள் 2022-இல் 30,000-க்கு மேல். 2025-இல் 10,000-ஐக்கூட எட்டவில்லை. கடையில் சரக்கே குறைவு. 2021 முதல் 2025 வரை தொடங்கிய ஒரு லட்சம் புது வீடுகள் கட்டி முடிந்து, குடியிருப்புக் காலத்தையும் கடந்து வரும்போது இந்த நிலை மாறும்.

மில்லியன் வெள்ளி வீவக வீடு என்று செய்தி வருகிறதே, ஏழைகளுக்கான வீடு இல்லையா இது?

2024-இல் அப்படி விற்றவை ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அந்த ஆண்டு கைமாறிய மறுவிற்பனை வீடுகளில் அது ஒரு சிறு பங்குதான். தோ பாயோ, பீஷான், குவீன்ஸ்டவுன், டக்ஸ்டன் பினக்கிள் என்று நகரை ஒட்டிய, உயரமான, புதிய வீடுகள் அவை. உட்லண்ட்ஸ் பக்கம் நிலவரம் வேறு. தலைப்பைப் பார்த்துவிட்டு நம் வீடும் அவ்வளவு போகும் என்று நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களால்தான் விற்பனை மாதக்கணக்கில் இழுக்கிறது.

புது வீட்டு விலை பற்றிய வாதம் வேறு. வீவக ஒரு பகுதியின் சந்தை மதிப்பைக் கணித்து, அதிலிருந்து சலுகை கழித்து விலை வைக்கிறது. நிலத்துக்கும் சந்தை மதிப்பைக் கொடுக்கிறது, அந்தப் பணம் நாட்டின் சேமிப்பில் சேர்கிறது. நிலத்தின் விலையை மக்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்பது எதிர்க்கட்சிகளின் கேள்வி. நிலத்தை மலிவாகக் கொடுத்தால் அது வருங்காலத் தலைமுறையின் சொத்தைக் கரைப்பதாகும் என்பது அரசாங்கத்தின் பதில். 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இரண்டு நாள் இதே பேச்சுதான். 99 ஆண்டு கழித்து நிலமே அரசாங்கத்துக்குத் திரும்பி வரப்போகிறது என்னும்போது எதிர்க்கட்சிகளின் கேள்வியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியர்களுக்கு வாங்குவதிலும் விற்பதிலும் தனி விதி உண்டாமே?

இந்தியர்களுக்கு மட்டும் இல்லை, எல்லா இனத்துக்கும் உண்டு. 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரே இனத்தவர் ஒரே பேட்டையில் குவிந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில், அதாவது ஒரு கட்டடத்தில், 15 விழுக்காடு வரை இருக்கலாம்.

நடைமுறையில் இப்படி வரும்: புளோக்கில் சீன வரம்பு நிரம்பிவிட்டது. நீங்கள் இந்தியர், விற்க வேண்டும். சீனர் அல்லாதவர்தான் வாங்கலாம், அவர்கள் எண்ணிக்கை குறைவு. சீனர் வாங்கினால் சீன வரம்பை மீறும், அது நடக்காது. பேரம் பேச வருபவருக்கு இது தெரியும், விலையை அடிப்பார். சிறுபான்மையினருக்கு இந்தப் பாதிப்பு உண்டென்று அமைச்சே ஒப்புக்கொண்டிருக்கிறது. நீண்ட காலம் முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து வீவக-வே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022 முதல் இருக்கிறது.

வாங்கும் முன் அந்தப் புளோக்கின் வரம்பு நிலவரத்தை வீவக இணையப் பக்கத்தில் பாருங்கள், இலவசம்தான். கோயில் பக்கம், நம்மவர்கள் நிறைய இருக்கிற இடம் என்று ஆசைப்பட்டாலும், அங்கே இந்திய வரம்பு நிரம்பியிருந்தால் இந்தியரோ பிற இனத்தவரோ விற்கும் வீட்டைத்தான் வாங்க முடியும். கொள்கையைக் குறை சொல்பவர்களும், அது இல்லாவிட்டால் பல புளோக்குகளில் நமக்கு வாடகைக்குக்கூட இடம் கிடைத்திருக்காது என்பவர்களும் என் உறவிலேயே இருக்கிறார்கள். இரு தரப்பும் தங்கள் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள்.

99 ஆண்டு முடிந்தால் என்ன ஆகும்?

வீடு வீவக-விடம் திரும்பும். இழப்பீடு கிடையாது. ரொம்ப நாள் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இடித்துவிட்டுப் பக்கத்தில் புது வீடு தருவார்கள் என்று பழைய வீடுகளுக்கும் நல்ல விலை கொடுத்தார்கள். 2017 மார்ச்சில், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், எல்லாப் பழைய வீடுகளுக்கும் அப்படி நடக்காது என்று எழுதினார். அந்தத் திட்டத்துக்குத் தகுதி பெறுபவை மொத்தத்தில் 5 விழுக்காடு வீடுகள்தான். அதன் பிறகு பழைய வீடுகளைப் பார்க்கும் கண்ணே மாறியது.

கேலாங் லோரோங் 3-இல் 191 தரைவீடுகள் இருந்தன. அவை வீவக வீடுகள் அல்ல, 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த தனியார் வீடுகள். 2020 டிசம்பர் 31 அன்று குத்தகை முடிந்தது, நிலம் திரும்பியது. காசு ஏதும் கிடைக்கவில்லை. காகிதத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தோம்.

வீவக வீடுகளில் மிகப் பழையவற்றுக்கு 2060-களில் அந்த நாள் வரும். அதற்கு முன்பு, 70 ஆண்டை ஒட்டிய பேட்டைகளில் குடியிருப்பவர்கள் வாக்களித்து முன்கூட்டியே வீட்டைக் கொடுத்துவிடும் திட்டம் ஒன்றை 2018-இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். இழப்பீடு முந்தைய திட்டத்தைவிடக் குறைவாக இருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

பழைய வீடு வாங்க நினைத்தால் ஒரு கூட்டல் போடுங்கள்: மீதமுள்ள குத்தகையோடு வாங்குபவர்களில் இளையவரின் வயது. 95 வந்தால் மசேநியை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். 49 ஆண்டு மீதமுள்ள வீட்டை 55 வயதுக்காரர் வாங்கினால் 104, பிரச்சினை இல்லை. 30 வயதுத் தம்பதி வாங்கினால் 79. மசேநியும் கடனும் குறையும், கைக்காசு அதிகம் தேவைப்படும்.

நிரந்தரவாசி வாங்கலாமா? வேலை அனுமதியில் இருப்பவர்?

வேலை அனுமதியில் இருப்பவர் வீவக வீடு வாங்க முடியாது. குடும்பத்தில் எல்லோருமே நிரந்தரவாசி என்றால் புது வீடு கிடையாது, மறுவிற்பனை மட்டும், அதுவும் நிரந்தரவாசம் கிடைத்து மூன்று ஆண்டு கழித்து. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு இன வரம்பு போக இன்னொரு வரம்பும் உண்டு: பேட்டையில் 5 விழுக்காடு, புளோக்கில் 8. ஊரில் உங்கள் பேரில் வீடு இருந்தால் இங்கே வாங்கிய ஆறு மாதத்துக்குள் அதைக் கைவிட வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முழிக்கிறார்கள்.

தனியார் கொண்டோமினியத்தை யாரும் வாங்கலாம், வரிதான் தடுப்பு. 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. 20 லட்சம் வெள்ளி வீட்டுக்கு வரி மட்டும் 12 லட்சம். நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கு 5. குடிமகனுக்கு முதல் வீட்டுக்கு இந்த வரியே இல்லை, இரண்டாவதுக்கு 20.

அப்படியானால் புதிதாக வருபவர்களுக்கு வாடகைதானா?

ஆமாம். வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம். முழு வீட்டை வாடகைக்கு விடுபவர் குடிமகனாக இருக்க வேண்டும், குடியிருப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும், வீவக அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். உறவினர் அல்லாதவர்கள் ஒரு வீட்டில் ஆறு பேர் வரை. நாலறை, அதற்கு மேற்பட்ட வீடுகளில் 2024 முதல் தற்காலிகமாக எட்டுப் பேர். முழு வீட்டு வாடகையில் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் வரம்பு உண்டு, பேட்டைக்கு 8, புளோக்குக்கு 11 விழுக்காடு. ஆகவே வீட்டுக்காரர் சரி என்றாலும் வரம்பு நிரம்பியிருந்தால் நடக்காது.

கட்டுமானத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் வரும் தம்பிகள் கேட்பதும் இதில் சேரும். மலேசியராக இல்லாவிட்டால் வீவக வீட்டில் ஓர் அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. தங்கும் இடம் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு, பெரும்பாலும் விடுதி. தெங்காவில் பிடிஓ கட்டுகிற புதுக்கோட்டைப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான், "அண்ணே, சாவி குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள போய் பாக்கறது நாங்கதானே, எந்தத் திசை பாத்து வாங்கறது நல்லது?" காலை வெயில் வரும் பக்கமாகப் பார்த்து வாங்கினால் நல்லது, மேற்கே பார்த்த படுக்கையறை இரவிலும் தகிக்கும் என்று அவனே சொல்லியும் கொடுத்தான்.